இறக்கத்தில் நிற்கும் மெஸி

சப்ரகமுவத் தோட்டமொன்றில் பழைய டிராக்டர் இரவில் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே அதன் ஆரோக்கியம் பாதி தெரிந்துவிடும். ஸ்டோருக்கு முன்னால் சமதரையில் நின்றால் ஸ்டார்ட்டருக்குக் குறையொன்றுமில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே, ரோட்டு இறக்கத்தில், முன்சக்கரத்துக்குக் கல் கொடுத்து நின்றால் கதை வேறு. காலையில் கல்லை எடுத்து, பிரேக்கைத் தளர்த்தி, வண்டி உருளத் தொடங்கியதும் கிளச்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். புது ஸ்டார்ட்டருக்குத் துரை கையெழுத்துப் போடும்வரை மலைதான் ஸ்டார்ட்டர்.

டீசல் எஞ்சினுக்குப் பொறி தேவையில்லை. காற்றை நெருக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். ஒருதடவை பற்றிவிட்டால் பெட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுக்கூட நாள் முழுக்க ஓட்டலாம். நிறுத்துவதற்கும் டீசலை அடைக்கும் குமிழை இழுத்தால் போதும். பழைய மெஸி பெர்குசனுக்கு மின்சாரம் தேவைப்படுவது காலையில் சில வினாடிகள்தான். அந்தச் சில வினாடிகள்தான் தோட்டத்துக் காலையைக் கெடுக்கின்றன.

இந்த வண்டி பிறந்தது இங்கிலாந்தில், கவென்ட்ரி நகரத்துப் பேனர் லேன் தொழிற்சாலையில். இரண்டாம் உலகப் போரின்போது ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி அங்கே விமான எஞ்சின்களைச் செய்தது. போர் முடிந்து 1946இல் ஹரி பெர்குசனின் சாம்பல் நிற டிஈ 20 டிராக்டர் அங்கிருந்து வரத் தொடங்கியது. பத்து வருஷத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் வெளிவந்தன. 1956இல் அதன் இடத்துக்கு 35 வந்தது. கனடாவின் மெஸி ஹரிஸ் கம்பெனியோடு பெர்குசன் 1953இலேயே சேர்ந்திருந்ததால், கொஞ்ச நாளில் சாம்பல் நிறம் போய்ச் சிவப்பு ஏறியது.

முதல் டீசல் 35இல் இருந்த நாலு சிலிண்டர் எஞ்சின் குளிர்காலைகளில் அடம்பிடிப்பதற்குப் பேர்போனது. அங்கத்தைய விவசாயிகள் அதைத் திட்டித் தீர்த்தார்கள். 1959இல் மெஸி பெர்குசன் பெர்கின்ஸ் எஞ்சின் கம்பெனியையே வாங்கிவிட்டது. அதன் மூன்று சிலிண்டர் எஞ்சின் 35க்குள் உட்கார்ந்தது. 1964 கடைசியில் வந்த 135க்கும் அதே வம்சத்து எஞ்சின்தான், கொள்ளளவு இரண்டரை லீற்றர். 135 உற்பத்தி 1975 வரை நடந்தது.

ஆக, இந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணும் ஏற்பாடு குளிரை மனத்தில் வைத்துச் செய்தது. சாவியில் சூடாக்குவதற்கென்று ஒரு தனி நிலை உண்டு. அதில் பதினைந்து இருபது வினாடி பிடித்தால், காற்றுப் போகும் குழாயில் ஒரு சின்னக் கம்பிச்சுருள் சிவக்கும். அந்தச் சூட்டில் துளி டீசல் இறங்கி அங்கேயே எரிந்து, உள்ளே போகும் காற்றை வெதுவெதுப்பாக்கும். தெர்மோஸ்டார்ட் என்று பெயர். கவென்ட்ரியில் ஜனவரியில் இது இல்லாமல் முடியாது. இரத்தினபுரியில் என்ன வேலை இதற்கு? தை மாதத்து விடியலில்கூட இங்கே சட்டையில்லாமல் நிற்கலாம். தெர்மோஸ்டார்ட் கசிந்தால் டீசல் லைனுக்குள் காற்றுப் புகும் என்று அதைக் கழற்றி, துளையில் ஒரு போல்ட்டை முறுக்கிவிடுவது இங்கத்தைய வழக்கம். அதற்குப் போன வயர் மட்டும் எங்கேயோ தொங்கிக்கொண்டிருக்கும்.

இங்கே எதிரி ஈரம். இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. வைகாசியில் தென்மேல் பருவம் பிடித்தால் டிராக்டர் காய்வதே இல்லை. இதைப் பனிக்கு எதிராகத் தயார் பண்ணியவர்கள் கெட்டிக்காரர்கள்தான். வயர் முனைகளில் மாதக்கணக்காக நீர் கசியுமென்று அவர்கள் நினைத்திருக்க நியாயமில்லை.

வேலையும் மாறிப்போனது. பெர்குசனின் பெருமையே பின்னால் உள்ள மூன்று முனை இணைப்பு. கலப்பையை வண்டியோடு ஒன்றாகப் பிணைத்து, ஹைட்ரோலிக்கால் தூக்கி இறக்கும் ஏற்பாடு. கஹவத்தையிலும் எட்டியாந்தோட்டையிலும் தேயிலைக்கும் றப்பருக்கும் நடுவே உழுவதற்கு நிலமேது? இலங்கையின் வறண்ட பக்கத்து நெல்வயலில் உழவு இயந்திரம் என்ற பெயர் பொருந்தும். தோட்டத்தில் அது டிரெய்லர் இழுக்கும் மாடு. கொழுந்துச் சாக்கு, உர மூட்டை, ஸ்டோர் அடுப்புக்கு விறகு, றப்பர் பால் தாங்கி, மழைநாளில் ஆஸ்பத்திரிக்கு நோயாளி, சில வேளை சவப்பெட்டி. ஹைட்ரோலிக் கைகள் துருப்பிடித்துத் தொங்கும்.

இந்தச் சுமைகளில் இரண்டு, வயருக்கு நேரடி விரோதி. சென்ரிபியூஜ் ஸ்டோருக்குப் போகும் றப்பர் பால் உறையாமலிருக்க அமோனியா கலப்பார்கள். ஈரத்தோடு சேர்ந்த அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். உரத்தில் சல்பேட் ஒப் அமோனியா இருந்தால், மூட்டையிலிருந்து பறக்கும் தூள் ஈரத்தில் கரைந்து அதே வேலையைப் பார்க்கும். வெளியே கறுப்பு உறை முழுசாக இருக்கும். உரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருக்கும். டிரைவர் அதைப் பார்த்திருக்க வழியில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சாவியைத் திருப்பினால் "டக்" என்ற சத்தம் மட்டும் கேட்கிறது என்பதுதான்.

அந்த "டக்"குக்குத் தோட்டத்தில் வழக்கமான மருந்து புதுப் பெட்டரி. பெட்டரிக்கு வவுச்சர் போடலாம், பில் வரும், கணக்கில் ஏறும். வயர் முனையைச் சுரண்டுவதற்கு வவுச்சர் கிடையாது. அதனால்தான் நல்ல பெட்டரிகள் குப்பைக்குப் போகின்றன என்பது என் எண்ணம். புதுப் பெட்டரி போட்டதும் வண்டி இரண்டு வாரம் கிளம்பும், பிறகு பழைய குருடிதான். அந்த இரண்டு வாரத்தால் குற்றம் பெட்டரியுடையது என்று நிரூபணமாகிவிட்டதாக எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். பெட்டரியை மாற்றும்போது முனையையும் கொஞ்சம் துடைத்திருப்பார்கள். குணம் வந்தது அதனால்தான்.

கணக்கைப் பார்ப்போம். இரண்டரை லீற்றர் டீசல் எஞ்சினைச் சுழற்றும்போது ஸ்டார்ட்டர் முந்நூறு அம்பியர் வரை இழுக்கலாம். பெட்டரி 12 வோல்ட். வழியில் எங்காவது ஒரு மூட்டில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும், நாலில் ஒன்று. 3 வோல்ட்டை முந்நூறு அம்பியரால் பெருக்கினால் 900 வோட். துணி அயன் பண்ணும் பெட்டிக்குப் போகிற அளவு மின்சாரம் விரல்நுனி அகல மூட்டுக்குள் சூடாகிறது. ஹெட்லைட் போட்டால் பளிச்சென்று எரியும், ஏனென்றால் பல்புக்குச் சில அம்பியர் போதும். அந்த அளவுக்கு இந்த மூட்டு தாங்கும். முந்நூறைக் கேட்கும்போதுதான் கையை விரிக்கும்.

டவுன் கராஜில் வயரிங் வேலை செய்கிறவர்கள் இதைக் கணக்காகச் சொல்லமாட்டார்கள், கையால் செய்வார்கள். "டிரைவர் அண்ணே, லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்புங்க. மங்குதா, அப்படியே நிக்குதா?" அப்படியே நின்றால் மின்சாரம் ஸ்டார்ட்டர் பக்கம் போகவே இல்லை, சாவி, சொலனொயிட், கியர்ப்பெட்டியின் மேல் உள்ள சின்ன சுவிட்ச், இவற்றுக்கு இடைப்பட்ட மெல்லிய வயர் என்று தேட வேண்டும். லைட் மங்கி அணைந்தால் பெட்டரியில் தெம்பில்லை, அல்லது முனை பிடிக்கவில்லை. "டக டக டக" என்று வேகமாகத் தட்டினாலும் அநேகமாக அதே கதைதான். பிறகு ஸ்டார்ட்டரைச் சில வினாடி முக்கவிட்டு, பெட்டரி முனையிலிருந்து ஸ்டார்ட்டர் வரைக்கும், பெட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகும் பின்னல் பட்டைக்கும் கையைத் தடவிக்கொண்டு போவார்கள். சுடுகிற இடம் எதுவோ அதுதான் ஆள். அவசரக்காரர் விரலைப் பொசுக்கிக்கொள்வதும் உண்டு.

மீற்றர் இருந்தால் இன்னும் நல்லது. வண்டி முக்கும்போது பெட்டரியின் ஈயக் குமிழில் ஒரு முனையையும், அதைக் கவ்வியிருக்கும் பிடியில் மறுமுனையையும் வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே வோல்ட் எதுவும் காட்டக்கூடாது. அரை வோல்ட் காட்டினால் பளபளக்கும் அந்தப் பிடி பொய் சொல்கிறது. கொதிநீரும் அப்பச்சோடாவும் போட்டுக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிறீஸ் பூசினால் வேலை முடிந்தது. உடம்புக்குப் போகும் பட்டையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். வண்டிக்குப் புதுச் சிவப்புப் பெயின்ட் அடித்த வருஷத்தில், அதை மாட்டும் போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் அடித்திருப்பார்கள். வண்டி அழகானது, ஸ்டார்ட் ஆவது நின்றது.

இந்த வயரிங்கை மூலப் படத்தை வைத்துக்கொண்டு தேடினால் ஒன்றும் கிடைக்காது. வண்டி கைமாறிய ஒவ்வொரு காலமும் அதில் ஒரு ஒட்டுப் போட்டிருக்கிறது. கவென்ட்ரியிலிருந்து வந்தபோது தோட்டம் கம்பெனிகள் கையில் இருந்தது. 1972 காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 திருத்தமும் வந்து தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. டிராக்டரும் கூடவே போனது. அது இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம். லூகாஸ் சுவிட்ச் ஒன்று பழுதானால் அதே சுவிட்ச் வரும் என்று யாரும் காத்திருக்கவில்லை. லொறியிலிருந்து கழற்றிய ஒன்று, அதுவும் இல்லாவிட்டால் வீட்டு மணிக்குப் போடும் பொத்தான். 1977க்குப் பிறகு கதவு திறந்தது. கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் சாமான் கிடைத்தது, ஆனால் பழைய ஒட்டை யாரும் பிரிக்கவில்லை. அதன் மேலேயே புதுசு ஏறியது. 1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளுக்குப் போனது. இன்னொரு ஒட்டு.

உதிரிப்பாகத்துக்கு இன்னொரு வழி சென்னையிலிருந்து வந்தது. 1960இல் மெஸி பெர்குசனோடு சேர்ந்து அமால்கமேஷன்ஸ் குழுமம் டாஃபே கம்பெனியைத் தொடங்கி, செம்பியத்தில் டிராக்டர் செய்தது. அங்கே செய்த 1035, கவென்ட்ரி 35இன் வாரிசு. அந்தக் குழுமத்துச் சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் வழிவந்த எஞ்சினைச் செய்தது. டாஃபே டிராக்டருக்கு இலங்கையில் இப்போதைய முகவர் பிரவுன்ஸ். 1875இல் ஹட்டனில் மலைநாட்டுத் தோட்டங்களை நம்பித் தொடங்கிய கம்பெனி. காலத்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தது. லயத்துச் சனம் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போனது. அந்த டிராக்டரை ஓட்டியவர்கள், அதில் கொழுந்து ஏற்றியவர்கள் எத்தனையோ பேர் அதில் அடக்கம். சாமான் இந்தப் பக்கம் வந்தபோது யாரும் குடியுரிமை கேட்கவில்லை.

ஒட்டுகளில் ஆபத்தானது ஒன்று உண்டு. 135இல் உயர்வேகம், தாழ்வேகம் என்று மாற்றும் லீவரை நடுவில் வைத்தால்தான் ஸ்டார்ட்டர் சுழலும். அதற்காகக் கியர்ப்பெட்டியின் மேல் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. கியரில் இருக்கும்போது வண்டி தவறிக் கிளம்பிவிடக் கூடாது என்பதற்கான காவல். சேறும் எண்ணெயும் படிந்து முதலில் சாவது இதுதான். சுவிட்ச் செத்தால் சாவியைத் திருப்பியும் சத்தமே வராது. அதற்கு வரும் வயர் இரண்டையும் முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றிவிட்டால் வண்டி கிளம்பிவிடும். வேலை அஞ்சு நிமிஷம். அதற்கடுத்த கட்டம் சாவியும் செத்து, கீழே நின்றுகொண்டு ஸ்குரூ டிரைவரால் ஸ்டார்ட்டரின் இரண்டு முனையையும் தொட்டுவிடுவது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே நின்றுதான் அதைச் செய்ய முடியும். கியரில் இருந்தால் எஞ்சின் பிடித்த கணமே ஆளுயரப் பின்சக்கரம் முன்னால் வரும், விலகுவதற்கு இடமில்லை. உலகெங்கும் பழைய டிராக்டரால் ஆட்கள் சாகும் வழிகளில் இது ஒன்று. இறக்கத்தில் உருட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது, பாரமேற்றிய டிரெய்லரோடு உருட்டினால் இன்னும் அதிகம். ஆனால் அதில் டிரைவர் சீட்டில், பிரேக் காலுக்கடியில். இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் மலையைத்தான் நம்புவேன்.

இன்னொரு குழப்பம் பெட்டரியின் எந்த முனை உடம்புக்கு என்பது. அந்தக் காலத்துப் பிரித்தானிய வண்டிகளில் பாசிட்டிவ் முனையை உடம்போடு கட்டுவது சாதாரணம்; பிறகுதான் நெகட்டிவ் வழக்கமானது. பழைய டைனமோவைக் கழற்றி ஜப்பான் வண்டி ஒல்டர்னேட்டர் போடும்போது இதைத் திருப்ப வேண்டும். திருப்பாமல் மாட்டினால் ஒல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடு அந்த நொடியே போய்விடும். பெட்டரியைத் தவறுதலாகத் தலைகீழாய் மாட்டினாலும் ஸ்டார்ட்டர் வழக்கமான திசையிலேயே சுற்றும். அந்த மோட்டாரின் காந்தச் சுருளும் சுழலியும் ஒரே வரிசையில் இருப்பதால், மின்சாரம் திரும்பினால் இரண்டும் சேர்ந்தே திரும்பும், சுழற்சி மாறாது. எல்லாம் சரி என்று டிரைவர் கிளம்பிவிடுவார். மறுநாள் காலையில் பெட்டரி சார்ஜ் இல்லை என்று வரும்போதுதான் விஷயம் தெரியும்.

சார்ஜ் என்றதும் மடுவத்தைச் சொல்ல வேண்டும். கொழுந்து நிறுக்கும்வரை டிரைவர் எஞ்சினை நிறுத்தமாட்டார். நிறுத்தினால் கிளம்பாது என்ற பயம். ஆனால் பழைய டைனமோ மெதுவான ஓட்டத்தில் சார்ஜ் கொடுக்காது; கட்அவுட் திறந்துகொள்ளும். நல்ல வண்டி ஒருதடவை கிளம்பப் பெட்டரியில் செலவாவது அரை அம்பியர்-மணிகூட இல்லை, ரோட்டில் கொஞ்ச நேரம் ஓடினால் திரும்பிவிடும். கெட்ட முனையோடு நீளநீளமாகப் பத்துத் தடவை முக்கியிருந்தால் செலவு இருபது முப்பது மடங்கு. அதை ஈடுசெய்ய எஞ்சின் விரைவாக ஓட வேண்டும். அது மடுவத்தில் புகைத்துக்கொண்டு நிற்கிறது. இருட்டியபின் லைட்டும் போட்டால் பெட்டரி உள்ளதையும் இழக்கும். 2022இல் டீசல் வரிசையும் கியூஆர் பங்கீடும் வந்தபோது இப்படி எஞ்சினை ஓடவிட்டு நிற்பது கட்டுபடியாகவில்லை. நிறுத்தினால் திரும்பக் கிளம்ப வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த மின்சாரக் கோளாறுகளைப் பார்த்தேயாக வேண்டிய காலம். இறக்குமதிக் கட்டுப்பாடு திரும்பியிருந்ததால் எழுபதுகளின் கைவேலைக்கும் மறுபடி மதிப்பு வந்தது.

எல்லாம் சரிபார்த்தும் சில காலைகளில் ஸ்டார்ட்டர் "கிர்ர்" என்று வெறுமனே சுற்றும், எஞ்சின் அசையாது. அடுத்த காலையில் ஒழுங்காகப் பிடிக்கும். பேய் பிடித்தது என்று சொல்லாத குறை. மூன்று சிலிண்டர் எஞ்சினை அணைத்தால் அது கண்ட இடத்தில் நிற்காது. ஏதோவொரு சிலிண்டரின் நெருக்கம் தடுக்கும் இடத்தில்தான் நிற்கும். கணக்குப் போட்டால் ஃப்ளைவீலின் பல் வளையத்தைச் சுற்றி மூன்றே மூன்று இடம். ஐம்பது வருஷமாக ஸ்டார்ட்டரின் பல் அந்த மூன்று இடத்தில்தான் கடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே பல் தேய்ந்து மொட்டை. மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி. கியரைப் போட்டு வண்டியைக் கொஞ்சம் முன்னே தள்ளிவிட்டால் நல்ல பல்லுக்கு வரும். நிரந்தர வைத்தியம் வேண்டுமானால் டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரித்து, பல் வளையத்தைச் சூடாக்கிக் கழற்றி, இடம் மாற்றிப் போட வேண்டும். தோட்டங்கள் அநேகமாகத் தள்ளிவிடுவதைத்தான் தேர்ந்தெடுக்கின்றன.

கடைசியில் ஒருநாள் கம்பெனி அதை ஏலத்தில் விடும். வாங்குகிறவர் எம்பிலிப்பிட்டிப் பக்கத்து நெல் விவசாயியாக இருக்கலாம். அப்படியானால் அந்த ஹைட்ரோலிக் கைகளுக்கு முதல் தடவையாகக் கலப்பை கிடைக்கும். மரம் இழுக்கிற, மணல் ஏற்றுகிற ஆளாகவும் இருக்கலாம். விவரம் தெரிந்தவர் டயரையும் பெயின்டையும் பிறகுதான் பார்ப்பார். சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னாலேயே வந்து, சாவியைக் கேட்பதற்கு முன் பொனெட்டைத் தூக்கி எஞ்சின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாயிருந்தால், தனக்காக யாரோ விடியலிலேயே உருட்டிக் கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அணைத்துவிட்டு, ஆறட்டும் என்று சொல்லி, டீ குடிக்கப் போய்விடுவார்.